சாயத்தண்ணியும் இரும்பு மாத்திரையும்: மலையகத்துக்கு ஏன் ஒரு சமூக வானொலி

கிளினிக்கில் கர்ப்பிணித் தாய்மாருக்கு இரும்பு மாத்திரை கொடுக்கிறார்கள். காசு வாங்குவதில்லை. தாய் அதைப் பத்திரமாக லயத்துக்கு, அதாவது தோட்டத்து வரிசை வீட்டுக்குக் கொண்டுவந்து, இரவு ரொட்டி சாப்பிட்ட கையோடு ஒரு கோப்பை சாயத்தண்ணியில் (பால் சேர்க்காத தேத்தண்ணியில்) விழுங்குகிறார். தேயிலையில் இருக்கும் துவர்ப்புப் பொருட்கள் இரும்புச்சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், உடம்பில் சேர விடாது. மாத்திரைக்கும் தேத்தண்ணிக்கும் இடையில் ஒரு மணித்தியாலமாவது விட வேண்டும். மாத்திரையோடு தேசிக்காய்த் தண்ணி குடித்தால் இன்னும் நன்றாகச் சேரும். இதைத் தெரிந்துகொள்ள யாரும் பெரிய படிப்புப் படிக்க வேண்டியதில்லை. ஆனால் நாளுக்கு நாலைந்து தடவை சாயத்தண்ணி குடிக்கிற ஒரு மலைநாட்டில் இந்தச் சின்ன விஷயம் எத்தனை வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது?

போய்ச் சேராததற்குத் தாய்மாரின் அசட்டை காரணம் என்று சொல்வோர் உண்டு. நான் அதை ஏற்பதில்லை. கிளினிக்கில் கூட்டம். மிட்வைஃப் மிஸ்ஸுக்குத் தமிழ் பாதிதான் வரும், அவருடைய சிங்களம் தாய்க்குப் பாதிதான் புரியும். இரண்டு நிமிடத்தில் எடை பார்த்து, கார்டில் எழுதி, அடுத்தவரைக் கூப்பிட்டாக வேண்டும். அந்த இரண்டு நிமிடத்தில் மாத்திரை கைமாறும், அதை எப்படிச் சாப்பிடுவது என்ற பேச்சுக்கு இடம் இருக்காது. மலையகத்தின் சுகாதாரக் குறைகளில் ஒரு பெரிய பங்கு மருந்தின் குறையைவிடப் பேச்சின் குறையால் வருகிறது என்பது என் எண்ணம். சமூக வானொலி என்ற கருவியை இந்த இடத்தில் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

நிலைமை எவ்வளவு பாரதூரமானது என்பதற்கு ஒரு கணக்கு போதும். 2016ஆம் ஆண்டின் குடிசன, சுகாதார ஆய்வின்படி இலங்கையில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் சுமார் 17 வீதமானோர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். தோட்டப்புறத்தில் இது கிட்டத்தட்ட 32 வீதம். அதாவது மூன்று பிள்ளைகளில் ஒன்று. ஒரே நாடு, ஒரே இலவச சுகாதார சேவை, 1973 முதல் தாய்மாருக்கும் பிள்ளைகளுக்கும் கொடுக்கிற ஒரே திரிபோஷா சத்துமா. அப்படியிருந்தும் இவ்வளவு வித்தியாசம். வறுமை முதல் காரணம், அதில் சந்தேகமே இல்லை. நாட்சம்பளம் போதாத வீட்டில் முட்டையும் மீனும் பற்றி வானொலியில் பேசிப் பயனில்லை என்று ஒருவர் கேட்டால் அது நியாயமான கேள்விதான். ஆனால் இருக்கிற உணவிலும், இலவசமாகக் கிடைக்கிற சேவையிலும்கூட முழுப்பயன் கிடைக்காமல் போகிறதே, அந்த இழப்பையாவது தடுக்க முடியும் அல்லவா? சம்பளப் போராட்டத்துக்கு இது மாற்று ஆகாது. இரண்டும் சேர்ந்தே நடக்க வேண்டும்.

தோட்டத்தில் சுகாதார சேவை தேடிப் போவது என்பதே ஒரு செலவு. கிளினிக் இருக்கிற நாளில் மலைக்கு வேலைக்குப் போகாவிட்டால் பேர் விழாது, அதாவது அன்றைய சம்பளம் இல்லை. அரைநாள் போனாலும் அரைப்பேர்தான். மேற்பிரிவிலிருந்து டவுனுக்கு இறங்க ஆட்டோவுக்குக் காசு. ஆஸ்பத்திரியில் படிவம் எந்த மொழியில் இருக்குமோ தெரியாது. 1987இல் அரசியலமைப்பின் பதின்மூன்றாம் திருத்தத்தோடு தமிழும் அரசகரும மொழி ஆகிவிட்டது. மருந்து கொடுக்கும் ஜன்னலில் அந்தத் திருத்தம் இன்னும் முழுதாக வந்து சேரவில்லை. தோட்ட ஆஸ்பத்திரிகளை அரசு பொறுப்பேற்கும் வேலையும் தொண்ணூறுகளில் தொடங்கி இழுபட்டுக்கொண்டே வருகிறது. இந்த நிலையில், வீட்டுக்கே வந்து, அவர்கள் பேசுகிற தமிழில், காசு கேட்காமல் பேசக்கூடிய ஒன்று எது?

துண்டுப்பிரசுரம் வாசிக்கத் தெரிந்தவர்களுக்கு. அதுவும் பெரும்பாலும் கொழும்பில் மொழிபெயர்க்கப்பட்ட தமிழில் வருகிறது. தொலைக்காட்சி மாலையில்தான், அதுவும் மற்ற வேலைக்கு நடுவில். பேஸ்புக், யூடியூப் எல்லாம் இளைஞர்களிடம் இருக்கிறது. ஆனால் டேட்டா கார்டு போட வேண்டும், சிக்னலுக்கு மேட்டில் ஏற வேண்டும். கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு இரண்டு கையும் வேலையில் இருக்கும், கண்ணும் வேலையில் இருக்கும். சும்மா இருப்பது காது ஒன்றுதான். நிரையில் நின்று பறிக்கும்போது யாராவது ஒருவரின் பட்டன் போனில் எஃப்எம் ஓடும். இயர்போன் வயரைச் செருகினால்தான் அலை பிடிக்கும், அந்த வயர்தான் ஏரியல். செருகிவிட்டு ஸ்பீக்கருக்கு மாற்றி, சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டால் பக்கத்து நிரையில் நிற்பவர்களுக்கும் கேட்கும். ஆட்டோவில், பஸ்ஸில், தேத்தண்ணிக் கடையில், சலூனில் எங்கும் அதே எஃப்எம். சூரியன், சக்தி போன்ற தனியார் அலைவரிசைகள் மலையகத்தில் வீட்டுப் பிள்ளைகள் மாதிரி ஆகிவிட்டன. ஆகவே கேட்கும் பழக்கத்தைப் புதிதாக உண்டாக்க வேண்டியதில்லை, அது ஏற்கெனவே இருக்கிறது.

ஆனால் தனியார் வானொலி நாடு முழுவதற்கும் பேசுகிறது. கொழும்பு விளம்பரதாரரின் காசில் நடக்கிறது. டிக்கோயாவில் ஒரு பீலித் தண்ணியில் (லயத்தார் எல்லோரும் பிடிக்கிற பொதுக்குழாய்த் தண்ணியில்) அழுக்கு கலந்து பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம் வந்தால், அதைப் பற்றிப் பேச நாடு முழுவதும் கேட்கும் அலையில் அரைமணி நேரத்தை யார் ஒதுக்குவார்கள்? அதில் அவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

சமூக வானொலி என்பது இதற்கு எதிர்ப்பக்கம். சின்ன ஒலிபரப்பி, பத்துப் பதினைந்து கிலோமீட்டர் எல்லை, இலாப நோக்கம் இல்லை, நடத்துவதும் பேசுவதும் கேட்பதும் அதே ஊர் ஆட்கள். மலைநாட்டின் அமைப்பே இதற்குப் பொருந்தி வருகிறது. எஃப்எம் அலை நேர்கோட்டில் போகும், மலை குறுக்கே நின்றால் தடைப்படும். பிதுருதலாகலை 2524 மீட்டர் உயரம். அப்படியொரு உச்சியிலிருந்து அனுப்பினாலும் ஓடையோரத்து லயத்துக்குள் கரகரப்புத்தான் கேட்கும். பள்ளத்தாக்குக்கு ஒன்றாகச் சின்னச் சின்ன நிலையங்கள் வைத்தால் மலையே எல்லைச் சுவராக நின்று, ஒன்றின் அலை மற்றதைக் கெடுக்காமல் பார்த்துக்கொள்ளும். கொட்டகலையில் பாவித்த அலைவரிசையை மலைக்கு அந்தப் பக்கம் மறுபடி பாவிக்கலாம்.

இதெல்லாம் கனவு என்று நினைக்க வேண்டாம். தெற்காசியாவிலேயே முன்னோடியான அனுபவம் நம் நாட்டில்தான் கிடந்தது. 1981இல் யுனெஸ்கோ, டென்மார்க் அரசு ஆகியவற்றின் உதவியோடு இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் மகாவலி சமூக வானொலியைத் தொடங்கியது. தயாரிப்பாளர்கள் மகாவலித் திட்டத்தின் குடியேற்றக் கிராமங்களுக்குப் போய், அங்கேயே சில நாட்கள் தங்கி, மக்களைப் பேசவைத்துப் பதிவு செய்தார்கள். ஸ்டூடியோவில் உட்கார்ந்து 'அன்பான நேயர்களே' என்று உபதேசம் செய்வதற்கும் இதற்கும் எவ்வளவு தூரம்! அந்த வழியில் 1989இல் வந்தது கொத்மலை சமூக வானொலி. தொண்ணூறுகளின் கடைசியில் அங்கே யுனெஸ்கோவின் உதவியோடு இணைய இணைப்பும் வந்தது. அப்போது கம்பளையில்கூட இணையத்தைக் கண்ணால் பார்த்தவர்கள் குறைவு. கொத்மலைக்காரர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? நேயர்கள் கேள்வி அனுப்புவார்கள். அறிவிப்பாளர் நிகழ்ச்சியிலேயே இணையத்தில் தேடுவார். ஊர் டொக்டரோ, ஆசிரியரோ, துறை தெரிந்த ஒருவரோ பக்கத்தில் இருந்து, ஆங்கிலத்தில் கிடைத்ததை ஊர்ப் பேச்சில் விளக்குவார். நீரிழிவுக்கு என்ன சாப்பிடலாம் என்று ஒருவர் கேட்டால் பதில் அந்த ஒருவருக்கு மட்டும் போகாது, பள்ளத்தாக்கு முழுவதும் கேட்கும். உலகம் முழுவதும் சமூக வானொலி பற்றிப் பேசுகிறவர்கள் கொத்மலையை உதாரணம் காட்டினார்கள்.

இருந்தும் இரண்டு குறைகள் இருந்தன, இரண்டும் நமக்கு முக்கியமானவை. ஒன்று, நிகழ்ச்சிகளில் பெரும்பகுதி சிங்களம். கொத்மலையைச் சுற்றித் தேயிலைத் தோட்டங்கள், அந்தத் தோட்டங்களில் தமிழ் பேசும் தொழிலாளர்கள். ஆனால் அவர்களுக்குக் கிடைத்தது கொஞ்ச நேரம்தான். இரண்டு, பெயரில் சமூகம் இருந்தாலும் நிலையம் அரசுக் கூட்டுத்தாபனத்துக்குச் சொந்தம். யாரை நியமிப்பது, எதைப் பேசலாம், எப்போது நிறுத்துவது என்ற முடிவெல்லாம் மேலே. தோட்ட நிர்வாகம் குடிதண்ணீரைக் கவனிக்கவில்லை என்றோ, கிளினிக்கில் தமிழ் தெரிந்தவர் இல்லை என்றோ அந்த ஊர்ப் பெண் ஒருத்தி தயங்காமல் சொல்ல முடியாவிட்டால், அதைச் சமூக வானொலி என்று எப்படிச் சொல்வது?

சரி, வானொலியில் சொன்னால் மக்கள் மாறிவிடுவார்களா? வெறுமனே சொன்னால் பெரிதாக மாற மாட்டார்கள். இதற்குப் பழைய சான்று உண்டு. 1956இல் அகில இந்திய வானொலியும் யுனெஸ்கோவும் சேர்ந்து புனே பகுதியில் 150 கிராமங்களில் ஒரு பரிசோதனை நடத்தின. விவசாயம், சுகாதாரம் பற்றி 20 நிகழ்ச்சிகள். கிராமத்தில் ஒரு குழு கூடி உட்கார்ந்து கேட்க வேண்டும், பிறகு தங்களுக்குள் விவாதிக்க வேண்டும், கேள்விகளை நிலையத்துக்கு எழுத வேண்டும். இப்படிக் கூடிக் கேட்ட கிராமங்களில் அறிவு நன்றாகவே உயர்ந்தது. ரேடியோ மட்டும் இருந்து குழு இல்லாத கிராமங்களில் அந்த அளவு உயரவில்லை.

தான்சானியா 1973இல் இதைச் சுகாதாரத்துக்கென்றே நாடு தழுவிய அளவில் செய்தது. 'ம்து நி அஃப்யா' என்று பெயர். மலேரியா, வயிற்றளைச்சல், கொக்கிப்புழு போன்றவை பற்றி வாரம் ஒரு நிகழ்ச்சி. சுமார் 75,000 குழுக்களில் 20 லட்சம் பேரளவில் ரேடியோவைச் சுற்றி உட்கார்ந்தார்கள். கேட்டு முடித்ததும் எழுத்து தெரிந்த ஒருவர் கையேட்டை வாசிப்பார், அப்புறம் 'நம்ம ஊரில் இந்த வாரம் என்ன செய்வது' என்று பேசி முடிவெடுப்பார்கள். அப்படிப் பேசி முடிவெடுத்து லட்சக்கணக்கான கழிவறைகளை வெட்டினார்கள். காரணம் எளிது. தனியாகக் கேட்டது காற்றோடு போய்விடும். பக்கத்து வீட்டு அக்காவோடு சேர்ந்து கேட்டு, 'நாம செய்வோமா' என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டால் பின்வாங்குவது கஷ்டம்.

இந்தக் கூடிக் கேட்கிற இடம் தோட்டத்தில் ஏற்கெனவே இருக்கிறது என்பதுதான் எனக்குப் பெரிய நம்பிக்கை. தோட்டத்துப் பிள்ளை பராமரிப்பு நிலையமான பிள்ளைக்காம்பராவில் தாய்மார் பால் கொடுக்க வருகிற நேரம் ஒன்று. கொழுந்து நிறுக்க மடுவத்தில் வரிசையில் நிற்கிற நேரம் ஒன்று. சாயங்காலம் பீலிக்கரை. கோயில் முற்றம். ஒலிபரப்பு நேரத்தை வைப்பவர்கள் அலுவலக நேரத்தைப் பார்க்காமல் நிறுவை நேரத்தைப் பார்க்க வேண்டும். காலைப் பிரட்டுக்கு (வேலைக்கு ஆள் கணக்கெடுப்புக்கு) முந்திய ஒரு மணி நேரம் அடுப்படியில் ரொட்டி சுடுகிற நேரம், அப்போது பெண்கள் கேட்பார்கள், ஆனால் பேச முடியாது. நிறுவை வரிசையில் பேசுவார்கள். ஆகவே காலையில் போட்ட விஷயத்தைப் பகலில் திருப்பிப் போட வேண்டும். இந்த மாதிரி ஒழுங்குகள் உள்ளூரில் இருக்கிறவருக்குத்தான் தோன்றும்.

எப்படிப்பட்ட நிகழ்ச்சி? வெற்றிலையை எடுத்துக்கொள்வோம். இலங்கையில் ஆண்களிடம் மிக அதிகமாகக் காணப்படும் புற்றுநோய் வாய்ப்புற்றுநோய்தான். தோட்டத்தில் ஆண்களோடு பெண்களும் வெற்றிலை போடுகிறார்கள். குளிருக்குப் போடுகிறார்கள், பசியை அடக்கப் போடுகிறார்கள், மலையில் கால் கடுக்க நிற்கும்போது அலுப்புத் தெரியாமல் இருக்கப் போடுகிறார்கள். 'புகையிலையை மட்டும் விட்டுட்டேன்' என்பார்கள் சிலர். ஆனால் புகையிலை சேர்க்காத வெற்றிலையும் புற்றுநோய் உண்டாக்கும், பாக்கே அதற்குப் போதும் என்று உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004இலேயே வெளியிட்டுவிட்டது. இதை வெறும் எச்சரிக்கையாகச் சொன்னால் யாரும் காதில் போட மாட்டார்கள். காலங்காலமாகக் கல்யாணத்துக்கும் சாமிக்கும் வைக்கிற வெற்றிலை அது. அதைப் பழித்துப் பேசுகிற குரலை அந்த இடத்திலேயே அணைத்துவிடுவார்கள்.

ஆனால் வானொலியில் ஒரு காரியம் செய்யலாம். கேட்டுக்கொண்டிருக்கும்போதே செய்து பார்க்கச் சொல்லலாம். 'மூணு விரலைச் சேர்த்து நிமிர்த்தி வச்சு வாய்க்குள்ள போகுதான்னு பாருங்க' என்று சொன்னால் நிரையில் நிற்கிற எல்லோரும் பார்ப்பார்கள். வாய் திறப்பது குறைந்துகொண்டு வருவது ஓர் ஆரம்ப அறிகுறி. உறைப்புச் சாப்பிட்டால் எரிவது இன்னொன்று. பிறகு தொலைபேசியில் ஒரு நேயர் வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்:

"மிஸ், எங்க மாமியாருக்குக் கன்னத்து உள்பக்கம் வெள்ளையா படர்ந்திருக்குங்க. வலி இல்லேங்கிறாங்க. காட்டணுமா?"

"காட்டணும் தங்கச்சி. ஆரம்பத்துல வலிக்காது, வலி வர்ற வரைக்கும் பார்த்துக்கிட்டு இருக்கக் கூடாது. வெள்ளையோ சிவப்போ, ரெண்டு கிழமைக்கு மேல ஆறாத புண்ணோ இருந்தா ஆஸ்பத்திரியில பல் டொக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க."

"எந்த நாள் போனா தமிழ்ல பேசலாம் மிஸ்?"

இந்தக் கடைசிக் கேள்விக்கு மிட்வைஃப் மிஸ் பதில் சொல்ல முடிந்தால் அதுவே உள்ளூர் வானொலி. கொழும்பிலிருந்து வரும் எந்த நிகழ்ச்சியாலும் இதற்குப் பதில் சொல்ல முடியாது. அந்த ஆஸ்பத்திரியில் எந்த நாள் தமிழ் தெரிந்த தாதி இருப்பார், கிளினிக் எத்தனை மணிக்குத் தொடங்கும், கடைசி பஸ் எப்போது என்பதெல்லாம் சேர்ந்தால்தான் ஒரு சுகாதாரச் செய்தி முழுமை பெறும்.

வெளிப்படையாகப் பேச முடியாத விஷயங்களும் இருக்கின்றன. கசிப்புக் குடித்துவிட்டு வந்து அடிக்கிற புருஷன், பிள்ளை பெற்ற பிறகு வருகிற மனச்சோர்வு, மாதவிடாய்க் காலத்தில் மலையில் ஒதுங்க ஒரு கழிவறை இல்லாத அவலம். லயத்தில் ஒரு காம்பராவில் இருமினால் அடுத்த காம்பராவில் கேட்கும். அதனால் இவற்றை நேரடி அழைப்பில் பேச வைப்பது ஆபத்து, சின்ன எல்லைக்குள் குரலை வைத்தே ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். கேள்வியை வாங்கி, ஊரையும் பெயரையும் நீக்கி, வேறொருவர் குரலில் வாசிப்பதுதான் முறை. பெண்களுக்கான 1938, மனநல உதவிக்கான 1926 என்ற இலக்கங்களைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும். அம்புலன்ஸுக்கு 1990 இலவசம் என்பதையும்தான். இங்கே சமூக வானொலியின் பலமே பலவீனமாகவும் ஆகலாம் என்பதை மறக்கக் கூடாது. தெரிந்த குரலை மக்கள் நம்புவார்கள். அந்தக் குரல் தப்பான நாட்டு வைத்தியத்தைச் சொன்னாலும் நம்புவார்கள். மருந்து சம்பந்தமான எதுவும் அப்பகுதி சுகாதார வைத்திய அதிகாரி பார்க்காமல் காற்றில் போகக் கூடாது என்று நிலையத்தின் விதியிலேயே எழுதி வைக்க வேண்டும்.

மண்சரிவு நாட்களைப் பற்றி ஒரு வார்த்தை. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்களே மண்ணுக்குள் போயின. தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்று நிலைகளில் மண்சரிவு எச்சரிக்கை விடுகிறது. பிரதேசச் செயலகப் பிரிவின் பெயரைச் சொல்லி வரும் அந்த அறிவிப்பு எந்தத் தோட்டம், எந்தப் பிரிவு, எந்த லயம் என்று மாறினால்தான் ஆட்கள் எழுந்து நடப்பார்கள். மழையில் கரண்ட் போய், டவரும் போனால் பிறகு மிஞ்சுவது பற்றரி ரேடியோ. முகாமில் ஒரு வாரம் இருக்கும்போது கொதித்தாறிய தண்ணீர், எலிக்காய்ச்சல், பாலூட்டும் தாய்மார் பற்றிப் பேசுவதற்கும் அதே நிலையம் வேண்டும்.

இத்தனை இருந்தும் மலையகத்தில் ஏன் சமூக வானொலி இல்லை? சட்டத்தில் இடம் இல்லை. 1966ஆம் ஆண்டின் 37ஆம் இலக்க இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனச் சட்டத்தின் கீழ்தான் இன்றும் தனியார் வானொலிக்கு அனுமதிப்பத்திரம் கொடுக்கப்படுகிறது. கொடுப்பது அமைச்சர். சமூக வானொலி என்று தனி வகையே கிடையாது. 1997இல் அரசு கொண்டுவந்த ஒலிபரப்பு அதிகாரசபைச் சட்டமூலத்தை உயர் நீதிமன்றம் அரசியலமைப்புக்கு முரண் என்று தடுத்தது. அலைவரிசைகள் பொதுச்சொத்து என்ற கருத்தும் அந்தத் தீர்ப்பில் உண்டு. 1995இல் இந்திய உச்ச நீதிமன்றமும் இதையே சொன்னது. இந்தியாவில் அது 2006இல் தொண்டு நிறுவனங்களுக்கும் சமூக வானொலி கொடுக்கிற கொள்கையாகப் பழுத்தது. நேபாளத்தில் 1997லேயே ரேடியோ சாகர்மாதா வந்துவிட்டது. பங்களாதேஷ் 2008இல் கொள்கை வகுத்தது. எல்லோருக்கும் முன்பு தொடங்கிய இலங்கை அதே இடத்தில் நிற்கிறது.

அனுமதி கிடைத்தாலும் யார் கையில் கொடுப்பது என்ற கேள்வி மலையகத்தில் கூர்மையானது. தோட்டக் கம்பெனி நடத்தினால் அது துரையின் குரல். ஒரு தொழிற்சங்கம் நடத்தினால் மற்றச் சங்கத்து ஆட்கள் கேட்க மாட்டார்கள், தேர்தல் வந்தால் தாய்மார் நிகழ்ச்சி காணாமல் போகும். வெளிநாட்டு நிதியில் நடந்தால் திட்டம் முடிகிற மாதத்தில் நிலையமும் மூடும். பொலிவியாவில் நாற்பதுகளின் இறுதியிலிருந்து தகரச் சுரங்கத் தொழிலாளர்கள் தங்கள் சம்பளத்தில் ஒரு பங்கைப் போட்டு மலையுச்சிகளில் சொந்த வானொலிகள் நடத்தினார்கள். நம் ஆட்களின் சம்பளத்தில் அதைக் கேட்க எனக்கு மனம் வரவில்லை. ஆனால் நிர்வாகக் குழுவில் பாதிக்கு மேல் தோட்டத்துப் பெண்கள் இருக்க வேண்டும், அரசியல் பதவியில் இருப்பவர் யாரும் இருக்கக் கூடாது என்று அனுமதிப்பத்திரத்திலேயே நிபந்தனை போடலாம். செலவில் ஒரு பகுதியைச் சுகாதார அமைச்சு அறிவிப்பு நேரத்துக்கான கட்டணமாகத் தரலாம். துண்டுப்பிரசுரம் அச்சடிக்கிற காசுதானே அது.

சட்டம் வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. இருபது நிமிட நிகழ்ச்சியைப் போனிலேயே பதிவு செய்து, மெமரி கார்டில் போட்டுப் பிள்ளைக்காம்பராவில் பகல் வேளையில் போட்டுக் காட்டலாம். வட்ஸ்அப்பில் குரல் பதிவாக அனுப்பலாம். கேட்ட பெண்களின் கேள்விகளைப் பதிந்து அடுத்த வாரம் பதில் போடலாம். இதில் தடையாக நிற்பது தொழில்நுட்பமோ காசோ இல்லை. அரச ஊழியர் ஊடகத்தில் பேச மேலிடத்து அனுமதி வேண்டும் என்ற தாபன விதிக்கோவையின் கட்டுப்பாடுதான். அதனால் தமிழ் நன்றாகப் பேசுகிற, தோட்டத்துப் பெண்கள் நம்புகிற ஒரு மிட்வைஃப்கூட மைக்கைக் கண்டால் ஒதுங்கிப் போகிறார். மாதம் இரண்டு மணித்தியாலம் உள்ளூர் ஒலிபரப்பில் பேசுவதையும் அவருடைய கடமை நேரமாகக் கணக்கில் எடுக்கலாம் என்று சுகாதாரத் திணைக்களம் ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் போதும், அடுத்த மாதமே நுவரெலியாவிலும் பதுளையிலும் வேலையைத் தொடங்கிவிடலாம்.